சாய்வும் கோட்டமும் ஓரமும்

பெங்களூரிலிருந்து தென்திசை நோக்கி வரும் பெருவழி, கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று படிப்படியாகத் தாழ்ந்து, 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் கிடக்கும் சேலத்துச் சமவெளியைத் தொடுவதற்கு முன் கடைசிப் படியாக இறங்கும் இடம் தொப்பூர்க் கணவாய். முன்பு 7 என்றும் இன்று 44 என்றும் எண்ணிடப்பட்ட தேசிய நெடுஞ்சாலை செல்லும் இந்த வழி புதியதன்று; 1790 நவம்பரில், மெடோஸ் என்னும் ஆங்கிலேயத் தளபதியின் படை பின்தொடர, திப்பு சுல்தானின் சேனை பாராமகால் பகுதியிலிருந்து தெற்கே நழுவியது இக்கணவாயின் வழியாகத்தான். படைக்கும் வண்டிக்கும் ஒருங்கே இடங்கொடுத்த இந்தச் சரிவை முன்னிட்டுக்கொண்டு ஒரு சொல்லின் பொருளை விசாரிக்கப் புகுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் ஆங்கிலத்தில் ‘பயாஸ்’ என்று வழங்கும் அச்சொல், மனத்தின் குற்றம் ஒன்றுக்குப் பெயராவதற்கு முன்பு, வெறும் சாய்வையே குறித்து நின்றது.

பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சு மொழியின் ‘பியே’ என்னும் சொல், கோணலான, குறுக்குச் சாய்வான கோடு என்ற அர்த்தத்தோடு ஆங்கிலத்தில் குடியேறிற்று. பிரெஞ்சுக்கு அப்பால் அதன் பூர்விகம் எது என்பதில் பண்டிதர்கள் ஒருமனப்பட்டாரில்லை. ‘எபிகார்சியோஸ்’ என்ற கிரேக்கச் சொல் லத்தீன் வழியாகத் தேய்ந்து வந்தது என்பார் உளர். அதை ஒப்பாதாரும் உளர். பூர்விகம் எதுவாயினும், அச்சொல்லின் ஜாதகத்தைத் திருத்தி எழுதியது ஒரு விளையாட்டு. புல்தரையில் மரப்பந்துகளை உருட்டி, சற்றுத் தொலைவில் கிடக்கும் சிறு வெண்பந்தின் அருகே கொண்டுபோய் நிறுத்தும் அந்த ஆட்டத்தில், பந்தின் ஒரு பக்கம் வேண்டுமென்றே கனமாகவோ வடிவம் ஏறுமாறாகவோ செய்யப்பட்டிருக்கும். கையை விட்டுக் கிளம்பும்போது பந்து நேராகத்தான் ஓடும்; வேகம் குறையக் குறைய அதன் உள்ளிருக்கும் கனம் தன் வேலையைக் காட்டி, பாதையை ஒரு பக்கமாக வளைக்கும். அந்தக் கனத்துக்கும் அது உண்டாக்கும் வளைவுக்கும் ‘பயாஸ்’ என்று பெயராயிற்று. தேர்ந்த ஆட்டக்காரன் அதைப் பழிப்பதில்லை. எத்தனை வளையும் என்று கணக்கிட்டு, இலக்குக்கு விலகியே பந்தை விடுவான்.

அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே சொல் பந்திலிருந்து மனிதனுக்குத் தாவிவிட்டது. ஷேக்ஸ்பியர் தமது இரண்டாம் ரிச்சர்டு நாடகத்தில், துயருற்ற அரசியின் வாயில் இப்பந்தாட்டச் சொல்லையே வைத்து, விதியின் போக்கை அவள் அதனால் பேசும்படி செய்தார். மனித உள்ளத்திலும் அப்படியொரு கனம் ஒருபுறம் பதிந்திருக்கிறது, வேகம் தணிந்து சிந்தனை தன்னிச்சையாக உருளும் வேளையில் அது ஒருபக்கமாகவே வளைகிறது என்பதே அந்த உருவகத்தின் உயிர். இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று. பந்துக்குத் துவேஷம் கிடையாது. இடப்பக்கத்துப் புல்லின்மேல் அதற்குப் பிரியமோ வலப்பக்கத்தின்மேல் வெறுப்போ இல்லை. எத்தனை முறை உருட்டினாலும் ஒரே பக்கம் சாய்வது அதன் அமைப்பு. அமைப்பால் நேர்வதை நோக்கத்தால் நேர்ந்ததாகக் கொள்வது நம்முடைய வழக்கம்.

தொழில் செய்வோரிடத்தில் இச்சொல் பழி கலவாத பழைய பொருளோடேயே வாழ்கிறது. நம்மூர்த் தையற்காரர் ‘கிராஸ்’ என்று சொல்லி, நெசவின் நீட்டுக்கும் குறுக்குக்கும் நடுவே மூலைவாட்டில் துணியை வெட்டி, ரவிக்கையின் கழுத்துக்குப் பட்டி வைக்கிறாரே, அதற்கு ஆங்கிலத் தையல் நூல்களில் ‘பயாஸ்’ வெட்டு என்று பெயர்; அப்படி வெட்டிய துண்டுதான் இழுத்தால் நீண்டு, வளைவில் சுருக்கம் விழாமல் படியும். தொப்பூரில் இறங்கும் லாரிகளின் சக்கரங்களிலும் இச்சொல் சுழல்கிறது: டயர்க்கடைகளில் ‘நைலான் டயர்’ என்று கேட்டு வாங்கப்படும் பழைய ரகத்தை உற்பத்தியாளர்கள் ‘பயாஸ்’ டயர் என்று குறிப்பார்கள், அதன் உள்ளிழைகள் ஒன்றன்மேலொன்றாக மூலைவாட்டில் குறுக்கிட்டுப் படிந்திருக்கும், ‘ரேடியல்’ டயரின் இழைகளோ விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகப் பாயும். வானொலி பழுதுபார்ப்பவர் டிரான்சிஸ்டருக்குக் கொடுக்கும் சிறு மின்னழுத்தத்துக்கும் இதே பெயர்தான். அந்தச் சாய்வு இல்லாவிட்டால் பெட்டி பாடாது.

இனித் தமிழுக்கு வருவோம். நடுவு பிறழ்வதை உடலின் வளைவாகக் காணும் பார்வை ஐரோப்பியருக்கு மட்டும் உரியதன்று. அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்னரே தமிழர் அதனைத் தம் அரசியலின் அடிப்படைச் சொற்களிலேயே பதித்துவைத்தார்கள். நேரான கோல் செங்கோல், வளைந்தது கொடுங்கோல். கொடுவாளிலும் கொடுக்காய்ப்புளியிலும் வெறும் வளைவைக் குறித்து நிற்கும் ‘கொடு’ என்னும் அடி, ‘கொடுமை’ என்று விரியும்போது குரூரத்தையே குறிப்பதாகிவிட்டது. ‘கோடுதல்’ என்றால் வளைதல். நெறி தவறுதலுக்கும் அதுவே பெயர். வள்ளுவர் தமது பன்னிரண்டாம் அதிகாரமாகிய ‘நடுவு நிலைமை’யில் கோடாமையைச் சான்றோரின் ஆபரணமாக வைத்ததோடு, துலாக்கோலை அதற்கு உவமையாக்கி, சொல்லில் கோட்டம் இல்லாமை உள்ளத்தில் கோட்டம் இல்லாமையைப் பொறுத்தது என்றும் நிர்ணயித்தார். அதே உருவமுடைய ‘கோடு’ என்னும் பெயர்ச்சொல், இன்று பள்ளிப்பிள்ளை அளவுகோலை வைத்து இழுக்கும் நேர்கோட்டுக்குப் பெயராக இருப்பது மொழியின் குறும்புகளில் ஒன்று. சிலப்பதிகாரமோ இந்த உருவகத்தை எல்லைவரைக்கும் கொண்டுபோயிற்று. ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியனின் கோல் வளைந்தது. அவன் உயிர் போன போக்கே அதை மீண்டும் நிமிர்த்திற்று என்று சேரன் செங்குட்டுவன் பேசுவதாக இளங்கோவடிகள் அமைத்தார். பாண்டியனுக்குக் கோவலன்மீது விரோதம் ஏதுமில்லை என்பதையும், பொற்கொல்லன் சொல் ஒன்றையே கேட்டு மறுசொல் கேளாத அந்தக் கணத்தின் சாய்வே கொலைக்குப் போதுமாயிற்று என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

‘ஓரம்’ இதனினும் சுவையான சொல். விளிம்புக்கும் பெயர் அதுவே, பட்சபாதத்துக்கும் பெயர் அதுவே. அம்பலத்தில் ஓரம் சொன்னவனுடைய வீடு பாழாகும் என்று ஔவையாரின் பெயரால் வழங்கும் ‘நல்வழி’ எச்சரிக்கிறது. பேச்சுவழக்கில் ‘ஓரவஞ்சனை’ என்பது பந்தியில் ஒருவருக்கு மட்டும் நெய்யை அதிகம் ஊற்றுவது முதல் பாகப்பிரிவினை வரைக்கும் எங்கும் கேட்கும் முறையீடு. ‘வாரம்’ என்னும் சொல்லும் அன்பையும் ஒருபக்கச் சார்பையும் ஒருங்கே குறித்தது. பிரியம் விழுந்த இடத்தில் தீயனவும் நல்லனவாகத் தோன்றும், வெறுப்பு மூண்ட இடத்தில் நல்லனவும் தீயனவாகும் என்று சீவகசிந்தாமணியின் ஆசிரியராகிய சமண முனிவர் எழுதினார். ‘காய்தல் உவத்தல் இன்றி’ என்று இன்றைக்கும் நாம் சொல்கிறோமே, அந்த மரபுத்தொடரும் சமணரின் அறநூலாகிய ‘அறநெறிச்சார’த்தோடு உறவுடையது. வடமொழியிலிருந்து வந்த ‘பட்சபாத’மோ பறவையின் சொல், பட்சம் என்பது சிறகும் பக்கமும், பாதம் என்பது விழுதல், ஒரு சிறகின் பக்கமாக விழுவதே பட்சபாதம். ஆனால் அன்பு மிகுந்த கடிதங்களில் ‘பட்சம்’ என்பதை நம் முன்னோர் நேசம் என்ற பொருளிலும் எழுதினார்கள்.

இவ்வளவு வளம் இருந்தும், சென்ற நூறாண்டு எழுத்தில் நாம் ‘பயாஸ்’ என்பதற்கு இணையாகப் பாரபட்சம், தப்பெண்ணம், ஓரவஞ்சனை என்ற பழிச்சொற்களையே பெரும்பாலும் எடுத்து ஆண்டோம். எனவே ஒருவர் சாய்ந்து பேசுகிறார் என்றால் அவர் கெட்டவர் என்பதே கேட்பவரின் அபிப்பிராயமாகிறது. அவர் கெட்டவரல்லர் என்று நிரூபித்துவிட்டால் சாய்வும் இல்லை என்று ஆகிவிடுகிறது. இந்த இரண்டாவது முடிவுதான் ஆபத்தானது. கோட்டம் என்று கோலின் வளைவையும் உள்ளத்தின் வளைவையும் ஒரே சொல்லால் கண்டவர்களுக்கு அந்த இடர் இருந்திராது.

நோக்கமில்லாத சாய்வு எப்படியிருக்கும் என்பதைப் புள்ளியியல் தெளிவாகக் காட்டும். கடைக்காரரின் கை நடுங்கினால் ஒரு நாள் பத்து கிராம் கூடும், ஒரு நாள் பத்து கிராம் குறையும். நூறு நாள் வாங்கினால் கணக்கு நேராகிவிடும். தராசுத் தட்டின் அடியில் சிறிது புளி ஒட்டியிருந்தாலோ, ஆயிரம் முறை நிறுத்தாலும் ஒவ்வொரு முறையும் அதே பக்கம்தான் குறையும்; அளவுகளைக் கூட்டிச் சராசரி எடுப்பதால் அந்தப் பிழை தீராது. முன்னது தற்செயற் பிழை, பின்னதே சாய்வு. புளியை வேண்டுமென்று ஒட்டினாரா, மாலையில் தட்டைத் துடைக்க மறந்தாரா என்ற கேள்வி காவல்துறைக்கு முக்கியம்; வாங்கியவருக்கு நஷ்டம் ஒன்றே.

இந்தியாவில் இதற்கு ஓர் அழகான உதாரணம் வயல்வெளியிலேயே நடந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பெனியின் கைக்கு வந்து, கேப்டன் ரீடும், தருமபுரியில் தங்கியிருந்த அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து தீர்வை விதித்த காலத்திலேயே, ஒரு வயல் எவ்வளவு விளையும் என்று கண்ணால் மதிப்பிடுபவரின் சாய்வு அரசாங்கத்துக்கும் குடியானவனுக்கும் ஒருங்கே தலைவலியாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. கண்மதிப்புக்குப் பதிலாக, வயலில் ஒரு சிறு பகுதியைத் தெரிந்தெடுத்து அறுத்து நிறுக்கும் முறையை சென்ற நூற்றாண்டில் விரிவாக வளர்த்தவர்களில் தலையாயவர் பி. சி. மகலனோபிஸ், 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவர். அவர் சிறு துண்டுகளை அறுக்கச் செய்தார். அதில் ஒரு விபரீதம் வெளிப்பட்டது: துண்டு சிறிதாகச் சிறிதாக, கணக்கிட்ட விளைச்சல் உண்மையைவிடக் கூடிக்கொண்டே போயிற்று. காரணம் மிக எளியது. எல்லைக்கயிற்றின் மேலேயே நிற்கும் ஒரு பயிரை உள்ளே சேர்ப்பதா, வெளியே தள்ளுவதா என்று கையில் அரிவாளோடு குனிந்திருக்கும் மனிதர் தயங்கும்போது, பெரும்பாலும் சேர்த்துக்கொண்டுவிடுகிறார். துண்டு சிறியதானால் அதன் பரப்பைப் பார்க்கிலும் விளிம்பின் பங்கு அதிகம். ஆகவே இந்தச் சிறு தாராளம் பெரும்பிழையாகிறது. மற்றொரு புள்ளியியலாளரான பி. வி. சுகாத்மே 33 அடிக்கு 16½ அடி, அதாவது ஏக்கரில் எண்பதில் ஒரு பங்கு கொண்ட பெரிய துண்டுகளை அறுத்து ஒப்பிட்டு, அளவு பெரிதானால் இப்பிழை தேய்ந்துவிடும் என்று வாதித்தார்; இருவர் தரப்புக்கும் நடந்த வாக்குவாதம் அக்காலத்துப் புள்ளியியலில் பிரசித்தமானது. இன்று நம் ஊர்களில் பயிர் அறுவடைப் பரிசோதனைக்குப் பொதுவாக ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து கயிறு கட்டுகிறார்கள். விளிம்பைக் குறிக்கும் நமது ‘ஓரம்’ சார்பையும் குறித்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் உண்மையாகவே ஓரத்தில் நிகழ்ந்த ஓரம் இது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் லஞ்சம் வாங்கவில்லை.

இந்தக் கண்ணோடு தொப்பூர்ச் சாலையைப் பார்க்கலாம். தருமபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பக்கத்திலேதான் பெரும் விபத்துகள் நேர்கின்றன. 2020 டிசம்பரில் கட்டுக்கடங்காமல் வந்த ஒரு லாரி, முன்னே தேங்கி நின்ற வாகன வரிசையில் பாய்ந்து பலவற்றை நொறுக்கியது. 2024 ஜனவரி 24ஆம் நாள், இரட்டைப் பாலத்தின் அருகே மற்றொரு லாரி முன்சென்ற வாகனங்களை மோதித் தீப்பற்ற, நால்வர் மாண்டனர். கண்காணிப்புக் கேமராவில் பதிந்த அக்காட்சியை நாடே பார்த்தது. மறுநாள் தேநீர்க்கடைகளில் தீர்ப்பு தயாராக இருந்தது: ‘டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கியிருப்பான்.’

அந்தத் தீர்ப்பில் பொய் இல்லை. பாதி உண்மை உண்டு. கியரில் இருக்கும் வண்டியை இஞ்சினே பின்னிழுத்துப் பிடித்துக்கொள்கிறது. நியூட்ரலில் அந்தப் பிடி விட்டுப்போய், முப்பது நாற்பது டன் பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழுகிறது. தொடர்ந்து அழுத்த, டிரம்மும் லைனிங்கும் கொதித்து, உராய்வு குறைந்து, கடைசியில் மிதித்தும் பிடிக்காத நிலை வருகிறது. ஆனால் அதே ஓட்டுநர் கிருஷ்ணகிரிச் சமதளத்தில் அதே குற்றத்தைச் செய்து தப்பிவிடுகிறார் என்பதும் உண்மை. வெவ்வேறு ஊர்க்காரர், வெவ்வேறு வயதினர், வெவ்வேறு கம்பெனி வண்டிகளை ஓட்டுவோர் ஒரே இடத்தில் ஒரே விதமாகத் தவறுகிறார்கள் என்றால், அத்தனை பேரின் சுபாவத்தையும் விசாரிப்பதற்கு முன் அந்த இடத்தின் சுபாவத்தை விசாரிப்பது முறை. பிறர் செய்கைக்கு அவர்களுடைய குணத்தைக் காரணமாக்கி, சூழ்நிலையை மறந்துவிடும் இப்பழக்கத்தை அமெரிக்க உளவியலாளர் லீ ராஸ் 1977இல் பெயரிட்டு விவரித்தார்; முடிவு தெரிந்தபின் ‘இது இப்படித்தான் ஆகும் என்று முன்பே தெரியும்’ என்று தோன்றும் மயக்கத்தைப் பாரூக் ஃபிஷ்காஃப் 1975இலேயே சோதித்துக் காட்டியிருந்தார். நாட்டுப்புற விபத்துகளில் சைக்கிள்காரன் எப்படி வந்திருந்தாலும் பெரிய வண்டிக்காரன்மேலேயே கூட்டம் பாய்வது இதற்கு உறவான இன்னொரு சாய்வு.

சாலைக்கும் சாய்வு வேண்டும் என்பதை மறக்கலாகாது. வளைவுகளில் வெளிவிளிம்பை உயர்த்தி, உள்விளிம்பைத் தாழ்த்திப் போடாவிட்டால் வண்டி வெளியே வீசப்படும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி இந்தப் பக்கச்சாய்வு சமவெளியில் நூற்றுக்கு 7 வரையிலும், பனியில்லாத மலைச்சாலையில் 10 வரையிலும் இருக்கலாம். நூற்றுக்கு 7 சாய்வும், டயருக்கும் சாலைக்கும் வழக்கமாகக் கொள்ளும் 0.15 உராய்வும் சேர்த்துக் கணக்கிட்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப ஏறக்குறைய 129 மீட்டர் ஆரமுள்ள வளைவு போதும். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 229 மீட்டர் வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியதற்கு, வளைவு முக்கால் பங்குக்கு மேல் விரிய வேண்டியிருக்கிறது. ஒரு வேகத்தில் காப்பாற்றும் அதே சாய்வு இன்னொரு வேகத்தில் கைவிட்டுவிடும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகப் பழக்கிவிட்டு, திடீரென்று மலைச்சரிவில் கொண்டுபோய் விடும் பாதையில் இந்தக் கணக்குத்தான் பலரைக் கொல்கிறது என்பது என் துணிபு.

ஆனால் கணக்கு ஏட்டில் எப்படி ஏறுகிறது? விபத்து நடந்ததும் பதியப்படும் முதல் தகவல் அறிக்கை இயல்பாகவே ஓட்டுநரின் பெயரைத் தேடும். கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற சட்டப்பிரிவு ஒரு மனிதனைக் கேட்கிறது, சரிவைக் கேட்பதில்லை. ஆண்டுதோறும் அந்த அறிக்கைகளைக் கூட்டி, நாட்டின் விபத்துகளுக்குத் தலையாய காரணம் அதிவேகம் என்று மத்திய அரசு வெளியிடுகிறது. கூட்டல் சரியானதே, கூட்டப்பட்டவை எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்த ஏடுகள். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, சாலையை வடிவமைத்தவரும் கட்டியவரும் பராமரிப்பவரும் விதிக்கப்பட்ட தரத்தை மீறி, அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதத்துக்கு உள்ளாவர் என்று ஆனது. ஓட்டுநருக்குச் சிறை, வடிவமைத்தவருக்கு அபராதம். தராசு கொஞ்சம் அசைந்தது என்ற அளவுக்கு மகிழலாம்.

எதிர்ப்பக்கச் சாய்வும் உண்டு. சுமார் 500 மீட்டர் நீளத்தில், மூன்று ஆண்டுகளுக்குள் மரணமோ கொடுங்காயமோ விளைத்த ஐந்து விபத்துகள், அல்லது பத்து மரணங்கள் நேர்ந்தால் அவ்விடம் ‘கரும்புள்ளி’ என்று மத்திய அமைச்சகம் வரையறுக்கிறது. மிக மோசமான ஆண்டுகளைப் பார்த்தே இடம் தெரிந்தெடுக்கப்படுவதால், அங்கே எதையுமே செய்யாமல் விட்டாலும் அடுத்த ஆண்டுகளில் எண்ணிக்கை ஓரளவு குறைவது இயற்கை. அதற்குள் ஓர் அறிவிப்புப் பலகை நட்டிருந்தால் புகழெல்லாம் பலகைக்குப் போய்ச் சேரும். கால்டன் என்னும் ஆய்வாளரின் காலத்திலிருந்து புள்ளியியலார் அறிந்த பொறி இது.

நோக்கத்தை விட்டுச் சாய்வை மட்டும் பார்க்கும் விஷயத்தில் நீதிமன்றங்கள் உளவியலாரைவிட முந்திக்கொண்டன என்று சொல்லத் தோன்றுகிறது. நீதி வழங்கப்பட்டால் போதாது, வழங்கப்பட்டது கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்ற பிரசித்தமான கோட்பாடு, 1924இல் இங்கிலாந்தில் ஒரு சாலை விபத்து வழக்கிலேதான் பிறந்தது. மோட்டார்சைக்கிள்காரர் ஒருவரைத் தண்டித்த நீதிபதிகளோடு ஆலோசனை அறைக்குள் சென்ற எழுத்தர், விபத்தின் எதிர்த்தரப்புக்காக நஷ்டஈட்டு வழக்கை நடத்திய வழக்கறிஞர் நிறுவனத்தைச் சேர்ந்தவர். அவர் உள்ளே வாயே திறக்கவில்லை. ஆயினும் தலைமை நீதிபதி ஹீவர்ட் பிரபு தீர்ப்பை ரத்துசெய்தார். நம் உச்ச நீதிமன்றம் 1958இல் குல்லபள்ளி நாகேஸ்வரராவ் வழக்கில், ஆந்திரத்தில் பஸ் தடங்களை அரசுடைமையாக்கும் திட்டத்துக்கு எழுந்த ஆட்சேபங்களை, அந்தப் போக்குவரத்துத் துறையின் பொறுப்பிலிருந்த செயலாளரே விசாரித்தது செல்லாது என்றது. 1969இல் கிரைபக் வழக்கில், வனப்பணித் தேர்வுக்குழுவில் அமர்ந்த அதிகாரியே தேர்வுக்கு நின்றவராகவும் இருந்தார். தம் பெயர் வந்தபோது எழுந்து விலகியிருந்தும் தேர்வு ரத்தாயிற்று. இவற்றிலெல்லாம் சம்பந்தப்பட்டவர் உண்மையில் கெட்ட எண்ணம் கொண்டாரா என்று நீதிமன்றம் துருவவில்லை. அவர் நின்ற இடம் சாய்வானதா என்றே பார்த்தது.

தொப்பூரில் இறக்கத்தைத் தணிக்க உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டத்தைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் முன்வைத்திருக்கிறது. இத்தனை ஆண்டு ஓட்டுநர்மேல் எழுதப்பட்டவற்றில் ஒரு பங்கு சரிவின்மேல் எழுதப்பட வேண்டியது என்பதற்கு இதைவிட வேறு ஒப்புதல் வேண்டியதில்லை. இதற்கிடையே, சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கி, தேசியத் தகவல் மையம் நடைமுறைப்படுத்திய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில், போலீசார் ஒரு பகுதியையும் வாகன ஆய்வாளர் ஒரு பகுதியையும் பூர்த்திசெய்ய, சாலையின் நிலை எப்படி, வளைவு எப்படி, இறக்கம் எப்படி என்ற பகுதி தனியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. முதல் தகவல் அறிக்கையில் இல்லாத அந்தப் பக்கம் வந்தது பெரிய முன்னேற்றம். அதைப் பூர்த்திசெய்ய அழைக்கப்படுபவர், அந்தச் சாலையைச் சொந்தமாகக் கொண்ட துறையின் பொறியாளர்.